இஞ்சி போடாத வீடு

எங்கள் வீட்டுக் கறிக்குழம்பில் இஞ்சி உண்டு, வெண்பொங்கலில் உண்டு, தீபாவளி மருந்தில் உண்டு. டீயில் மட்டும் கிடையாது. இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது அப்பாவின் வயிற்றுவலி.

அப்பா ஜீப் ஓட்டினார். எண்பதுகளில் போடிநாயக்கனூரில் ஜீப் என்றால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் என்றுதான் அர்த்தம். இருட்டோடு கிளம்பி, முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தொட்டால் தமிழ்நாடு முடிந்துவிடும். அதற்கப்புறம் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகள். ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு இறங்கவேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு நேரம் காலம் இல்லை. மெட்டுக் குளிருக்கு இஞ்சியைத் தட்டிப் போட்ட டீதான் காலை ஆகாரம். அதுவும் ஒரு கிளாசோடு நிற்காது. கூட வருகிற ஒவ்வொருவரும் ஒன்று வாங்கிக் கொடுப்பார்கள்; வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வராது. இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார்.

வயிற்றுப்புண் என்றார் டாக்டர். வேளைக்குச் சாப்பிடவேண்டும், காரத்தைக் குறைக்கவேண்டும், பீடியை விடவேண்டும், டீயை நிறுத்தவேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம், "இஞ்சி டீயை நிறுத்தச் சொல்லிட்டாகம்மா" என்றார். கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒன்றும் பேசவில்லை. இஞ்சியை எடுத்துக் காய்கறிக் கூடையின் அடியில் வைத்தாள், அவ்வளவுதான். டீ நின்றுபோகிற வீட்டில் அப்பாவை வைத்துச் சமாளிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அப்பத்தாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவள் டீயோடு வளர்ந்தவள் இல்லை. கருப்பட்டி தட்டிப் போட்ட சுக்குமல்லிக் காப்பிதான் அவள் காலத்துப் பானம். டீ அவள் வாழ்க்கையில் பிந்தி வந்தது. அதில் இஞ்சி இருந்ததால்தான் அதை ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். "இஞ்சி போடாத டீ என்னத்துக்கு ஆகும்? கழனித்தண்ணி" என்பாள். ஒருநாள் அம்மா வேலைக்குப் போயிருந்தபோது தானே டீ போட்டு மகனுக்குக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னம்மா போட்ட?"

"இஞ்சியா போட்டேன்? சுக்குதானடா."

"இஞ்சிக்கு அண்ணன்மா அது."

அப்பா சொன்னது சரிதான். பச்சை இஞ்சியில் காரம் தருகிற ஜிஞ்சரால் என்ற பொருள் இஞ்சி காயும்போது ஷோகாலாக மாறுகிறது. அதற்குக் காரம் கூடுதல். இஞ்சி ஒத்துக்கொள்ளாதவருக்குச் சுக்கைப் போட்டுக் கொடுப்பது உதவி ஆகாது. இன்றைக்கும் கடையில் விற்கிற டீ மசாலாப் பொடிகள் பலவற்றுக்குச் சுக்குத்தான் அடிப்படை. "இஞ்சி வேண்டாம், மசாலா மட்டும் போடுங்க" என்று சொல்லி அந்தப் பொடியை வாங்கிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வரும்.

இஞ்சி போன இடத்தில் என்ன வைப்பது என்று அம்மா அதிகம் யோசித்திருக்க வேண்டியதில்லை. அவள் காய் பொறுக்கப் போகிறவள். எங்கள் ஊரில் காய் என்றாலே ஏலக்காய். மலையில் பறிக்கிற பச்சைக்காயைத் தோட்டத்து ஸ்டோரில் 45, 50 டிகிரிச் சூட்டில் ராத்திரி முழுக்க உலர்த்துவார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும், விலையும் இறங்கிவிடும். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய் தேறும் என்பது பொதுக்கணக்கு. அது மூட்டையில் கீழே இறங்கிப் போடிக்கு வரும். இங்கே பெரிய கூடங்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைத் தரம் பிரிப்பார்கள். சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைத் தனியே எடுத்து, அதற்குள்ளும் நிறம் பார்த்து, சொறி விழுந்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சும் ஓடும். மாலையில் வீட்டுக்கு வருகிற அம்மாவின் சேலையில், தலைமுடியில், சோறு பிசைந்து ஊட்டுகிற விரல்களில் எல்லாம் அந்த வாசம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அம்மாவும் காய் பொறுக்குகிறவள்தான். ஆகையால் எங்களுக்கு அது வாசமாகவே தெரிந்ததில்லை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வாசலில் நுழைந்ததும் மூக்கை இழுத்து, "பாயசமா?" என்று கேட்டபோதுதான் தெரியும்.

வாய் பிளந்த காய் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகாது. வேலை பார்க்கிறவர்களுக்கு அதைக் குறைந்த விலைக்குத் தந்து கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அம்மா அதைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தாள். வாய் பிளந்ததால் வாசம் சீக்கிரம் போய்விடும். அதனால் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கமாட்டாள். காயைத் தேர்ந்தெடுக்க எனக்கு அவள் சொல்லிக்கொடுத்த பாடம் சின்னது: "பச்சையைப் பாக்காத தாயி, அரிசியைப் பாரு." தோலின் பச்சை ஏலக்கடைக்காரர்களுக்கு. வாசம் உள்ளே இருக்கிற அரிசியில். அது கருத்து, தொட்டால் லேசாக ஒட்டுவதாக இருந்தால் விளைந்த காய். வெளுத்திருந்தால் பிஞ்சில் பறித்தது. எத்தனை போட்டாலும் டீக்குப் பிரயோசனம் இல்லை.

அம்மா டீ போடுகிற முறையை நான் அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டேன். இரண்டு பேருக்கு என்றால் ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு தம்ளர் பால். முதலில் தண்ணீரில் நகக்கண் அளவு பட்டை, ஒரே ஒரு கிராம்பு, இரண்டு விரலில் எடுக்கிற சோம்பு. பிறகு மூன்று ஏலக்காயைப் பிரித்து, தோலை மட்டும் அந்தத் தண்ணீரில் போடுவாள். அரிசியைச் சின்ன உரலில் தட்டி வைத்து, அரை ஸ்பூன் சீனியும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றுவாள். சீனிக் குருணைகளோடு அரைபட்டால் அரிசி மாவாக நசுங்கும்; உரலில் ஒட்டிக்கொண்டு வீணாகாது. தண்ணீர் நன்றாகக் கொதித்து மஞ்சள் பழுப்பாக நிறம் மாறியதும் டீத்தூள் இரண்டு ஸ்பூன். அதைக் கொஞ்ச நேரம்தான் விடுவாள். அப்புறம் பால். பால் பொங்கி மேலே வரும், இறக்குவாள். மறுபடி வைப்பாள், மறுபடி பொங்கும். இரண்டாவது பொங்கலில் அடுப்பை அணைத்து, இடித்த அரிசியைச் சீனியோடு கொட்டித் தட்டைப் போட்டு மூடிவிடுவாள். மூடிய பாத்திரத்தை அவள் அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது. அதற்கப்புறம்தான் வடிகட்டி, ஆற்றி, தம்ளருக்கு வரும்.

இந்த வரிசையில் காரணம் இருந்தது. அதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குக் கை சொல்லிக்கொடுத்திருந்தது. பட்டையும் கிராம்பும் மரக்கட்டை மாதிரி இறுகியவை, சாறு விட நேரம் பிடிக்கும். ஏலக்காயின் வாசம் அப்படி இல்லை. அதில் இரண்டு எண்ணெய்கள் முக்கியம். ஒன்று சினியோல், யூகலிப்டஸ் தைலத்தில் இருப்பதும் அதேதான், நாக்கில் குளிர்ச்சியாகப் படுவது. இன்னொன்று டெர்பினைல் அசிடேட், பூவாசம் அதனுடையது. இரண்டும் ஆவியோடு எழுந்து போகிற சுபாவம் உள்ளவை. ஏலக்காயைத் தொடக்கத்திலேயே போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், தம்ளர் மணக்காது. அந்த எண்ணெய்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே அவற்றைப் பிடித்துவைக்கிற வேலை பாலுடையது. பால் சேர்ந்த பிறகு ஏலக்காய் போட்டு மூடுகிற அம்மாவின் முறைக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் கிடையாது.

கிராம்பு ஒன்றுக்கு மேல் போனால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். அதிலுள்ள யூஜினால் நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பதும் இதனால்தான். மரத்த நாக்குக்கு டீயும் தெரியாது, ஏலமும் தெரியாது. அன்னாசிப்பூவை அம்மா டீப்பாத்திரத்தின் பக்கம் விடவே மாட்டாள். பிரியாணிக்காரன் வீட்டுக்குள் வந்தது போலிருக்கும் என்பாள். சோம்பைப் பற்றி மட்டும் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சோம்புக்குத் தன்னிலேயே ஒரு தித்திப்பு உண்டு. அது போட்ட டீயில் கால் ஸ்பூன் சீனி குறைத்தாலும் யாருக்கும் தெரியாது. கூடப்போனால் ஓட்டல் வாசலில் வைக்கிற சோம்புத் தட்டு ஞாபகம் வரும் என்பது உண்மைதான். அதனால்தான் இரண்டு விரல் அளவு.

எங்களுக்குச் சளி பிடித்தால் மிளகு. நாலு மிளகைத் தட்டித் தனிப் பாத்திரத்தில் போடுவாள். அப்பாவின் டீயோடு அது கலக்காது. இஞ்சியின் காரமும் மிளகின் காரமும் நாக்கில் ஒரே உணர்வியைத்தான் தொடுகின்றன என்கிறார்கள். மிளகில் இருக்கும் பைப்பரின் மெதுவாக ஏறித் தொண்டையில் நிற்கும். இஞ்சிதான் பிடிக்கவில்லை, கதகதப்பு வேண்டும் என்பவர்களுக்கு மிளகு நல்ல பதில். வயிற்றில் புண் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

டீயில் இஞ்சி இல்லாததால் எங்கள் வீட்டில் ஒரு தொல்லை குறைந்தது. சித்தி வீட்டில் டீ போடும்போது அடிக்கடி பால் திரிந்துபோகும். பால்காரரை வாசலில் நிறுத்திச் சத்தம் போடுவார் சித்தப்பா. அந்த மனிதர் மேல் குற்றமே இல்லை. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டுகிற ஒரு நொதி இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் இஞ்சிச் சாறு சேர்ந்தால் அது பாலை உறையச் செய்துவிடும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் இதையே சூட்சுமமாகப் பயன்படுத்தி இஞ்சிச் சாற்றில் பாலை உறையவைத்து ஓர் இனிப்புச் செய்கிறார்கள். இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செத்துப்போகும், பால் திரியாது. சித்தி பாலையும் இஞ்சியையும் ஒன்றாக வைத்துச் சூடேற்றுகிறவள். இஞ்சி போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி வதோதராவுக்குப் போனேன். குஜராத்திகள் டீயை எடுத்துக்கொள்கிற தீவிரத்துக்கு முன்னால் எங்கள் போடி ஜீப் டிரைவர்கள் ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாசி (நம் ஊர் வழக்கில் சித்தி, பெரியம்மா) தப்பேலி என்கிற பாத்திரத்தில் டீயைக் காய்ச்சுக் காய்ச்சென்று காய்ச்சுவார். ரகாபியில், அதாவது சாசரில், ஊற்றி உறிஞ்சிக் குடிப்பார்கள். அவருக்கும் ஆது, அதாவது இஞ்சி, இல்லாமல் டீ இல்லை. நான் வேண்டாம் என்றதும் என்னை ஒரு நோயாளியாகப் பார்த்தார். ஆனால் அவர் வீட்டு வாசல் தொட்டியில் வேறொன்று வளர்ந்தது. லீலி சா என்று அவர்கள் சொல்கிற எலுமிச்சைப் புல். இரண்டு தாளைக் கிள்ளி, முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து எனக்கென்று தனி டீ போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு எலுமிச்சை வாசம் வருகிறதே, பால் திரியாதா என்று எனக்குப் பயம். திரியாது. வாசம்தான் எலுமிச்சை, புளிப்பு கிடையாது. சிட்ரால் என்ற எண்ணெய் இரண்டிலும் இருப்பதால் வருகிற ஒற்றுமை அது. வெயில் காலத்தில் அதோடு புதினாவும் இரண்டு இலை சேரும். ஏலக்காய் டீக்கு நிகராக ஒரு டீயை நான் ஒத்துக்கொண்டது அங்கேதான்.

அந்தப் புல்லில் ஒரு தூரை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி நவஜீவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து போடிக்குச் சேர்த்தேன். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் வைத்தோம், புதராக மண்டிவிட்டது. அப்பா குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கொசுவத்தியைக் கரைச்ச மாதிரி" என்றார். கொசுவிரட்டித் தைலம் எடுக்கிற சிட்ரோனெல்லாவும் இதுவும் ஒரே புல் குடும்பம். அவர் மூக்கு தப்பாது. அம்மாவுக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. மத்தியான டீ அவளுக்குப் புல்லில், அப்பாவுக்கு ஏலத்தில் என்று ஆனது.

டீயில் மசாலா சேர்ப்பதே நம் ஊர்க் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேயிலை வியாபாரிகள் ஊர் ஊராகப் போய் டீ போடக் கற்றுக்கொடுத்தபோது, பாலும் சீனியும் அளவாகச் சேர்த்த இங்கிலீஷ் முறையைத்தான் காட்டினார்கள். நம் கடைக்காரர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை; பாலையும் வாசனைச் சாமானையும் கூட்டினால் இலைச் செலவு குறையுமே. 1930களில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்து, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கிய பிறகு நிலைமை மாறியது. அந்தத் தூள் விலை குறைவு, சாறு கனம். எத்தனை பாலும் பட்டையும் போட்டாலும் தாங்கும். இன்று நாம் குடிக்கிற மசாலா டீ அந்தக் குருணையின் முதுகில்தான் நிற்கிறது. இலைத் தேயிலையில் மசாலா போட்டுப் பார்த்திருக்கிறேன். எடுபடாது.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பாவுக்கு மறுபடி வலி கூடி, மதுரையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண்ணுக்குக் காரணம் காரமும் இல்லை, டீயும் இல்லை. ஒரு பாக்டீரியா என்றார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982ல் வளர்த்துக் காட்டிய ஹெலிகோபாக்டர் பைலோரி. 2005ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவுக்கு நோபலைப் பற்றி அக்கறை இல்லை. மாத்திரை தந்தார்கள், வலி நின்றது. இனி எதுவும் சாப்பிடலாம், அளவோடு இருக்கட்டும் என்றார்கள்.

அம்மா அன்று சாயங்காலம் கூடையிலிருந்து இஞ்சியை எடுத்துக் கழுவிவைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, இஞ்சி தட்டிப் போடவா?"

"வேணாம். நாக்குதான் எரியும், டீ தெரியாது."

அப்பத்தா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை.

அவர் சொன்னதை நான் பல வீடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறேன். இஞ்சியை ஓங்கித் தட்டிப் போட்ட டீயில் தூள் மட்டமா உசத்தியா என்று சொல்லவே முடியாது. பால் தண்ணீரா கெட்டியா என்பதும் தெரியாது. கடைக்காரருக்கு அது வசதி. வீட்டில் நமக்கு எதற்கு அந்த மறைப்பு?

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தின வருஷத்து வெள்ளமும் அதைத் தொடர்ந்த வறட்சியும் செடிகளை அழித்திருந்தன. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. அம்மா அப்போது வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். கடையில் வாங்கவேண்டிய நிலை. அந்தச் சில மாதம் தம்ளருக்கு ஒரு காய் என்று இறங்கி, குறைந்ததைச் சோம்பாலும் பட்டையாலும் நிரப்பினாள். பாயசத்துக்கு அரிசி எடுத்த தோல்களை டீத்தூள் டப்பாவுக்குள் போட்டுவைத்தாள். பத்து நாளில் தூளே மணக்கத் தொடங்கிவிடும். இதை இப்போதும் செய்கிறேன், விலை இறங்கிய பிறகும்.

விலை என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நல்ல பருத்த காய் ஐந்து எடை போட்டால் ஏறத்தாழ ஒரு கிராம். கிலோ 3,000 ரூபாய் என்றாலும் ஐந்து காய் மூன்று ரூபாய். 2023ல் இஞ்சி கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது கடைக்காரர்கள் பலர் இஞ்சியைக் குறைத்துவிட்டு டீயில் வெறும் சூட்டைக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு காய் தட்டிப் போட்டிருக்கலாம்.

இப்போது மதுரையில் என் வீட்டு அடுப்பில் அம்மாவின் முறைதான், பாக்கெட் பாலுக்கு ஏற்றபடி சின்ன மாற்றங்களோடு. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம். அதில் டீ போட்டால் தண்ணீரைக் குறைத்துப் பாலைக் கூட்டவேண்டும். ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். அதற்குச் சரிபாதித் தண்ணீர் தாங்கும், ஏலக்காய் வாசமும் நன்றாக நிற்கும். கருப்பட்டி போடுகிறவர்கள் அடுப்பை அணைத்தபின் போடட்டும், கொதிக்கும்போது போட்டால் பால் திரியலாம். பட்டை வாங்கும்போது சுருட்டு மாதிரி அடுக்கடுக்காகச் சுருண்ட இலங்கைப் பட்டையைக் கேளுங்கள். தடித்த பட்டை டீயைக் குழம்பு வாசத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஏலக்காயைப் பொடியாக மட்டும் வாங்காதீர்கள். பொடித்த நாளிலிருந்தே வாசம் போகத் தொடங்கிவிடும். நம் கைக்கு வரும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். முழுக் காயாக வாங்கி, ஒன்றைப் பிளந்து அரிசியைப் பாருங்கள். கருத்திருந்தால் வாங்குங்கள். போடியில் பொறுக்கிய காயா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சந்தோஷம்.